கழுத்து முறிந்த கேபிளோடு காஞ்சிபுரம்

காலை 5.45, செங்கல்பட்டு. ரயிலை விட்டு இறங்கியதும் ஊரைப் பார்க்கவில்லை; என் செல்போன் கேபிளின் கழுத்தைத்தான் பார்த்தேன். முந்தின நாள் தூத்துக்குடியில் ஏறும்போது அது நன்றாகத்தான் இருந்தது. மதுரை தாண்டியதும் மேல் பெர்த்துக்காரர் இறங்கும் அவசரத்தில் அதன் மேல் முழு உடம்பையும் வைத்துக் காலூன்றிவிட்டார். "ஸாரி மேடம்" என்றார். அவர் ஸாரி கேட்டதில் குறையில்லை. ஆனால் சொருகும் பின்னும் வயரும் சேருகிற இடத்தில் ரப்பர் வாயைப் பிளந்துகொண்டு, உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. போனில் மீதி பத்தொன்பது சதவீதம்.

வேறொரு நாளாக இருந்தால் போனால் போகட்டும் என்றிருப்பேன். அன்று என் கணவர் கூப்பிட வேண்டிய நாள்.

அவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். கப்பலில் இன்டர்நெட் உண்டு, ரேஷன் அரிசி மாதிரி அளந்து கொடுப்பார்கள். எழுதி அனுப்பலாம், முகம் பார்க்க முடியாது. கரையோரமாகக் கப்பல் போகும்போது கொஞ்ச நேரம் சிக்னல் கிடைக்கும், அப்போதுதான் வீடியோ. 'புதன்கிழமை பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் இலங்கை ஓரமாகப் போவோம், கூப்பிடுகிறேன், புடவையைக் காட்டு' என்று எழுதியிருந்தார்.

புடவை எனக்கு. தை மாதம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது அப்பா மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தப் புடவையை நான்தான் பார்த்து எடுப்பேன் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். ஆனால் கல்யாணத்துக்கு வருவாரா என்பதே தெரியவில்லை. மாற்று ஆள் வராமல் அவரை இறக்கிவிட மாட்டார்கள். அவர் வராவிட்டால், தம்பதியாக நிற்க வேண்டிய இடத்தில் அவர் தம்பியும் தம்பி மனைவியும் நிற்பார்கள். பெற்றவள் நான் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். யாரும் தப்பாகச் செய்யவில்லை, அதுதான் வழக்கம். எனக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை.

காலை 6.20. வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகும் பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்க மனமில்லை. பாலாறு வந்தது, பெயரில் இருந்த பால் அளவுக்குக்கூட ஆற்றில் தண்ணீர் இல்லை. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, கைக்குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் பைக்குள் வைத்தேன்.

கேபிள் விஷயத்தில் எனக்கு அனுபவம் அதிகம். மற்ற கப்பல்காரர்கள் வீட்டில் செண்ட் வாசம் வரும். எங்கள் வீட்டில் வயர் மூட்டை இருக்கிறது. "நான் கூப்பிட்டா நீ எடுக்கணும்லா" என்று துறைமுகத்துக்கு ஒன்றாக வாங்கி வருவார். சிங்கப்பூரில் வாங்கிய நூல் பின்னிய கேபிளுக்கு மேல் சட்டை கடைசிவரை புதுசு, உள்ளே கம்பி ஆறே மாதத்தில் செத்தது. பட்டையாக இருக்கும் கேபிள் சிக்கு விழாது, ஆனால் எங்கள் ஊர் வெயிலில் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி விறைத்துவிடும். காந்தம் வைத்த கேபிள் பார்க்க அழகு. அதன் நுனி ஒருநாள் காணாமல் போய், தோசைக்கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். எது எப்படிப் போனாலும் கழுத்தில்தான் போகும். நடு வயரில் அறுந்த கேபிளை நான் பார்த்ததேயில்லை.

"டைப் சி போன் வாங்கும்மா" என்று மகள் சொல்லாத நாளில்லை. அவள் சொல்வது நியாயம்தான். அதை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் போகும், கண்ணாடி தேட வேண்டியதில்லை. என் போனின் பழைய சின்ன பின்னை மூன்று முறையாவது புரட்டாமல் சொருகியவர் யாருமில்லை. இருந்தும் நான் மாற்றவில்லை. அவர் புதுப் போன் வாங்கியபோது விட்டுப்போன போன் இது. அவர் கட்டை விரல் பட்டுப் பட்டு ஓரத்தில் வர்ணம் போயிருக்கிறது. அந்த இடத்தில்தான் நானும் விரலை வைத்துக்கொள்கிறேன்.

காலை 8.00, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு. மிளகும் சுக்கும் தூக்கலாகப் போட்ட இட்லி, இரண்டு நாற்பது ரூபாய். ஹோட்டலில் சார்ஜ் போட இடம் இருந்தது, பொருந்துகிற கேபிள் இல்லை. வாசலில் போன் சாமான் விற்றுக்கொண்டிருந்தவரிடம் சின்ன பின் கேட்டேன்.

"இப்ப யாருமா அத கேக்கறாங்க? எல்லாம் சி தான்" என்றவர், ஒரு பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, மூன்று தலை வைத்த கேபிள் ஒன்றை எடுத்தார். "இதுல சின்ன பின்னும் இருக்குது, ஐபோனும் இருக்குது, சி-யும் இருக்குது. எண்பது ரூபா குடும்மா."

ராவணனுக்குச் செய்தது போலிருந்த அந்தக் கேபிளை வாங்கிச் சொருகினேன். மற்ற இரண்டு தலையும் கெட்டியாக இருந்தன. எனக்கு வேண்டிய தலை மட்டும் போனில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. என் போனின் வாயும் தேய்ந்துதான் போயிருந்தது. இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். இரண்டிலும் கையை விரித்துவிட்டார்கள்.

காலை 9.30, பிள்ளையார்பாளையம். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கொடுத்த விலாசம் அது. ஏகாம்பரம், அவர் மனைவி செல்வி, சொந்தத் தறி. தெருவுக்குள் நுழையும்போதே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். இவர்கள் வீட்டிலும் நான் கதவைத் தட்டிய சத்தம் அதில் அடிபட்டுப் போய், உள்ளேயே போய் நின்றேன்.

இருவரும் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டுமாம். ஏகாம்பரம் உடலுக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள, கரைக்கு உள்ளதைச் செல்வி தள்ளுகிறார். ஒருவர் எழுந்தால் மற்றவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"கல்யாணம் ஆயி இருபது வருஷம் டீச்சர்" என்றார் செல்வி. "இந்த ஆளு மூஞ்சியையே பாத்துக்கினு கெடக்கறேன். ஒரு நாளாவது எங்கனா போய்த் தொலையறாரா பாருங்க."

"நான் போனா நீ என்னா தனியாவா நெய்வ?" என்றார் ஏகாம்பரம், தலையைத் தூக்காமல்.

அவர்களுக்கு அது தினசரிச் சண்டை. ஒருவர் முழங்கை இன்னொருவர் மேல் இடிக்கிற தூரத்தில் இருபது வருஷம்! எங்கள் இருபத்தாறு வருஷத்தில் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க நான் என்றைக்கும் துணிந்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை இங்கே மறைக்க வேண்டிய அவசியமில்லை.

காட்ட இரண்டு புடவை வைத்திருந்தார்கள். அரக்கில் பச்சைக் கரை ஒன்று, மயில்கழுத்தில் அரக்குக் கரை ஒன்று. கேபிள் கதையைச் சொன்னேன். செல்வி வீட்டிலிருந்த கேபிள்களை எல்லாம் கொண்டுவந்து போட்டார். ஐந்தும் டைப் சி.

"குடுங்க, சுத்தித் தரேன்" என்று ஏகாம்பரம் என் கேபிளை வாங்கினார். நாள் முழுக்க நூலோடு இருக்கிற மனுஷர், மடியில் எது கிடந்ததோ அதை எடுத்துக் கழுத்தில் இறுக்கமாகச் சுற்றிவிட்டார். அழகாகத்தான் இருந்தது. ப்ளக்கில் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம், கருகின வாசனை, என் அடாப்டர் போயே போய்விட்டது.

செல்வி எட்டிப் பார்த்தார். "ஐயோ, ஜரிகையயா சுத்துன? அதுல வெள்ளி இருக்குதே, கரண்டு பாயாதா? உனுக்கு அறிவு இருக்குதா?"

"கெட்டியா இருக்கட்டும்னுதான்..." என்று அவர் நெளிந்தார்.

மணி பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது. போனை ஏரோப்ளேன் மோடிலிருந்து எடுத்தேன், பன்னிரண்டு சதவீதம். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. செல்வி ஜரிகையைப் பிரித்தெறிந்து, அறுந்து கிடந்த அரக்குப் பட்டு நூலை எடுத்து நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். நல்லவேளையாகக் கேபிளின் அந்தப் பக்கத்து முனை எல்லா அடாப்டருக்கும் பொது, அவர்கள் அடாப்டரிலேயே சொருகினோம். சார்ஜ் ஏறியது, நின்றது. வயரை ஒரு பக்கமாக மடக்கிப் பிடித்தால் மட்டும் ஏறியது. விட்டால் போச்சு.

"நான் புடிச்சிக்கினு இருக்கறேன்" என்று செல்வி தறிக்குத் திரும்பாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வராததால் ஏகாம்பரத்தின் தறியும் நின்றது. அந்தத் தெருவில் அந்த ஒரு வீடு மட்டும் எனக்காகச் சத்தமில்லாமல் இருந்தது. பன்னிரண்டரை வரை அப்படியே இருந்தோம். செல்வி கை மாற்றி மாற்றிப் பிடித்தார். நடுவில் இரண்டு முறை வயர் நழுவி, ஏறினது எல்லாம் இறங்கிப் போனது.

பகல் 12.35. போன் அடித்தது.

முகம் தெரிந்தது. தாடி. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பின்னால் கப்பலின் கம்பி, அதற்குப் பின்னால் கடல். அவர் கப்பலேறிப் பதினோரு மாதம், முகம் பார்த்தே பல மாதம்; திரைக்குக் கிட்டே குனிந்தேன்.

"ஏ சரசு, கேக்குதா? ஏன் இப்படி மெலிஞ்சு போயிருக்க?" என்றார். ஒட்டிய கன்னத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறார்.

ஏகாம்பரம் புடவைகளை விரித்துக் காட்டினார். அரக்கை என் தோளில் போட்டார். "ரெண்டுமே நல்லாத்தான இருக்கு" என்றார் என் கணவர். எத்தனை கடல் தாண்டினாலும் ஆண்பிள்ளைகள் புடவைக்குச் சொல்வது அது ஒன்றுதான். சாப்பாடு, கால் வலி, மகளின் வேலை என்று பேச்சு போனது. கேட்க வேண்டியதை மட்டும் நான் கேட்கவில்லை. அந்நிய மனிதர்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அதைவிட, வர முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கேட்காதவரை அந்தத் தண்ணீர்ச் செம்பு என் கையில்தானே இருக்கிறது?

போனில் ஒரு சதவீதம். செல்விக்குக் கை மரத்துப் போயிருக்க வேண்டும். காலையிலேயே என்னிடம் எல்லாக் கதையையும் கேட்டிருந்தவர், திடீரென்று போனுக்குள் தலையை நீட்டினார்.

"அண்ணா, பொண்ணு கல்யாணத்துக்கு வர்றீங்களா இல்லியா, அத சொல்லுங்க மொதல்ல! டீச்சர் கேக்க மாட்டேங்கறாங்க, எனுக்குக் கை ஒடிஞ்சி போவுது!"

படம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போனதா, அவர்தான் அசையாமல் நின்றாரா தெரியவில்லை. பிறகு உதடு அசைந்தது.

"யாரு அது? நல்லா கேக்காங்களே... மாத்து ஆளு கெடச்சாச்சு சரசு. அதச் சொல்லத்தான் வந்தேன், ஒன்னப் பாத்ததும் மறந்துட்டேன். மார்கழி கடைசியில கொச்சியில எறங்குதேன். எனக்கு ஒரு பட்டு வேட்டி எடு, எட்டு மொழம்..."

செல்வி இரண்டு கையையும் தட்டிக் கத்தினார். வயர் நழுவியது. போன் அணைந்தது.

மூவரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஐயையோ, கைய வுட்டுட்டனே டீச்சர்" என்றார் செல்வி. நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஏகாம்பரம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புடவையை மடிக்க ஆரம்பித்தார். மடித்து முடித்ததும் பிரித்து மறுபடி மடித்தார்.

தோளில் கிடந்த அரக்கையே எடுத்துக்கொண்டேன். வேட்டி அவர்கள் நெய்வதில்லை. ஏகாம்பரம் அடுத்த தெருவிலிருந்து இரண்டு மூன்று கொண்டுவந்தார். என் கணவர் இளைத்துவிட்டாரே, எது சரியாக இருக்கும் என்று குழம்பினேன். "வேட்டிக்கு ஏது டீச்சர் அளவு?" என்று ஏகாம்பரம் சிரித்தார். "குண்டா வந்தாலும் கட்டலாம், ஒல்லியா வந்தாலும் கட்டலாம். உங்க போனு மாதிரியா?"

மாலை 4.30, செங்கல்பட்டு போகும் பஸ். வந்த ஊரில் ஒரு கோயிலுக்குள்கூடப் போகவில்லை. கோபுரங்களை ஆட்டோவிலிருந்து பார்த்ததோடு சரி. காஞ்சிபுரம் போய்விட்டு வந்து என்ன பார்த்தாய் என்று கேட்டால், ஒரு தறியையும் அதில் சேர்ந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும்தான் சொல்வேன்.

பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி. என் கையிலிருந்த செத்த போனையும் அரக்கு நூல் சுற்றிய கேபிளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆன்ட்டி, எங்கிட்ட பவர் பேங்க் இருக்குது, போடறீங்களா? டைப் சி தான?"

"சின்ன பின்னும்மா. பரவாயில்ல, வர வேண்டிய கால் வந்தாச்சு" என்றேன்.

வருவாரா என்று தெரியாமல் இருந்த பதினோரு மாதத்தையும் எப்படியோ ஓட்டிவிட்டேன். வருகிறார் என்று தெரிந்த பிறகு இந்தச் சில வாரத்தை எப்படித் தள்ளப் போகிறேனோ தெரியவில்லை. மடியிலிருந்த புடவைப் பெட்டியைத் திறந்து, வேட்டி மேல் வலது கையை வைத்தேன். வாலாஜாபாத்தில் கண்டக்டர் டிக்கெட் கேட்டார். வலது கையை வேட்டியிலிருந்து எடுக்காமல், இடது கையாலேயே எடுத்துக் காட்டினேன்.