தாழம்பூ வந்த கரியர்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்துப் பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. முந்தி நடந்ததைப் பிந்தியும் பிந்தி நடந்ததை முந்தியும் சொல்லிவிடுவேன். இது மட்டும் ஓரளவு சரியாக நினைவில் நிற்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கப்பல்கள் இன்னும் நின்ற காலம் அது. எங்கள் வீடு ஜெட்டிக்குக் கிட்ட இருந்தது. என் கணவருக்கு வேலை வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர் ஜெட்டியில். ஜெட்டியடியில் ஒரு கொட்டில்தான் அவருடைய கந்தோர், ஆபீஸ். லாஞ்சி என்கிற மோட்டார்ப் படகில் வந்து இறங்கும் சாமான்களுக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். விடியற்காலை முதல் லாஞ்சியில் போய்விடுவார். அந்த நேரத்துக்குள் சோறு கறி சமைக்க ஏலாது. ஆகவே பத்து மணி லாஞ்சியில் மூன்று தட்டுக் கரியரில் சாப்பாடு அனுப்புவேன். லாஞ்சிக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை வாங்கிப் பக்குவமாக வைத்து, மூதூரில் அவர் கையில் கொடுப்பார். பின்னேரம் கழுவிய கரியரை நானாவே திருப்பிக் கொண்டுவந்து தருவார். என் கணவர் வருவது கடைசி லாஞ்சியில்தான்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தை என் கணவர் எனக்கே செய்தார். அடித்தட்டில் ஏதாவது இருக்கும். வீரப்பழம், பாலப்பழம் என்று காட்டுப் பழம், இல்லாவிட்டால் ஒரு சோகி, கடற்கரைச் சோழி. ஒரு நாளைக்குத் தலையில் வைக்கத் தாழம்பூ மடல். பின்னேரம் கரியரைத் திறப்பதே எனக்கு ஒரு விளையாட்டு. பெரிதாகக் கதைக்கிறவரில்லை அவர். நானும் அப்படித்தான்.

கல்யாணம் செய்து நாலாம் வருஷம் நெருப்புக் காய்ச்சல் வந்து அவர் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் கிரியை எல்லாம் செய்து முடித்தோம். வீட்டில் நானும், அவரைப் பெற்ற மாமியும்தான் மிச்சம்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு காலை. நான் சமைத்தேன், கரியரில் போட்டேன், முக்காடு போட்டுக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தேன். நானா கையை நீட்டினார், கொடுத்தேன். லாஞ்சி வெளிக்கிட்ட பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே விளங்கியது. மாமியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"காகத்துக்கு வைக்கிறது போதாதெண்டு லாஞ்சியிலயும் அனுப்புறியோ?" என்றார் மாமி.

பின்னேரம் கரியர் வந்தது. சோறு இல்லை. கழுவியிருந்தது. அடித்தட்டில் மூன்று வீரப்பழம்.

மாமி எட்டிப் பார்த்தார். ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். "புளிக்குது" என்றார். கொட்டையைத் துப்பவில்லை. அடுத்த நாள் காலை அவரே குசினிக்குள் வந்து தேங்காய் துருவினார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அனுப்பினேன். யார் சாப்பிடுகிறார் என்று நானாவிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டால் என் கணவர் திரும்பவும் செத்துப்போவார் போல இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது. சில நாள் பழம், சில நாள் சோகி.

பிறகு ஒரு நாள் தாழம்பூ மடல் வந்தது.

மாமி பயந்துபோனார். "தாலி கழட்டின பிள்ளைக்கு ஆரும் பூ அனுப்புவினமோ?" என்று கேட்டார். தாழ்ந்த குரலில், "தான் செத்தது அவனுக்குத் தெரியாதாக்கும்" என்றார். பிறகு, "நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வா. எனக்கு லாஞ்சியில ஏறி இறங்கேலாது" என்றார்.

அடுத்த நாள் கரியரை மடியில் வைத்துக்கொண்டு லாஞ்சியில் ஏறினேன். நானா என்னைப் பார்த்துவிட்டு, இருக்க இடம் விட்டார். மூதூரில் இறங்கினால், கொட்டிலுக்குள் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு என் கணவருடைய கதிரையில் இருக்கிறார். வெள்ளைச் சட்டை. அவரைப் போலவே ஒரு காலை மடித்துக் கதிரையில் வைத்தபடி. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பினது மூக்குக்கண்ணாடி போட்ட வேறு மனிதர். என்னைவிட இளையவர்.

"இண்டைக்கு நீங்களோ கொண்டு வந்தனீங்கள்?" என்று சிரித்துக்கொண்டு கரியரை வாங்கினார். "கந்தோரால நல்ல சாப்பாடுதான் தருகினம். முருங்கைக்காய் வைக்கிற அண்டைக்குத்தான் உப்புக் கொஞ்சம் கூட."

என் கணவருக்கு அந்தக் கறிக்கு அவ்வளவு உப்பு வேண்டும்.

நான் யாரென்று சொன்னேன். அவர் எழும்பிவிட்டார். முகம் சிவந்துபோனது. "அக்கா, எனக்குத் தெரியாது. இந்த வேலையோட சாப்பாடும் வாறதெண்டு நினைச்சிட்டன்."

"இருந்து சாப்பிடுங்கோ. சோறு ஆறுது" என்றேன். பிறகு கேட்டேன். "நேத்துத் தாழம்பூ வைச்சது நீங்களோ?"

"தாழம்பூவோ? நான் சாப்பிட்டுக் கழுவி, அந்த ஆணியில கொழுவி விடுறனான். பின்னேரம் நானா எடுத்துக்கொண்டு போவார்."

"பழங்கள்?"

"இல்லை அக்கா. நான் இந்த ஊருக்குப் புதுசு. பழமரம் எங்க நிக்குதெண்டும் தெரியாது."

அந்தக் கொட்டிலுக்குக் கதவில்லை. யாரும் வரலாம், போகலாம்.

திரும்பி வரும்போது நானாவிடம் கேட்டேன். "நான் ஏன் புள்ள உனக்குப் பூ வைக்கிற?" என்றார் அவர். "மூடி திறந்து பார்க்கிற பழக்கமும் எனக்கில்ல. அண்டைக்கு நீ கரியரைத் தந்த நேரம், உன்ட முகத்தைப் பாத்துட்டு வேணாமெண்டு சொல்ல ஏலாமப் போச்சு. அவ்வளவுதான்."

அன்றைக்குக் கரியரை நானே கொண்டுவந்தேன். மாமி ஒவ்வொரு தட்டாகக் கழற்றினார். ஒன்றுமில்லை. அடித்தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டார்.

அந்தத் தம்பிக்கு இடமாற்றம் கிடைக்கும்வரை சாப்பாட்டை நிறுத்தவில்லை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இரண்டு பிஸ்கட், கடதாசியில் சுற்றி. நல்ல பிள்ளை. பிஸ்கட்டை வைத்தது அவர் என்று எங்களுக்குத் தெரிந்தது. மற்றது வரவில்லை. ஒரு பழம்கூட வரவில்லை. நான் போகாமல் இருந்திருக்கலாம் என்று மாமி கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் தான்தான் போகச் சொன்னது என்பதை நினைத்து நினைத்து அழுதிருக்கிறார்.

மூதூர்ப் பக்கத்தார் யாராவது இதை வாசித்தால் ஒரு உதவி செய்யுங்கள். அந்த நாளில் ஜெட்டிக்குக் கிட்டத் தாழை நின்றதா? அந்தக் கொட்டிலடியில் வழக்கமாக இருக்கிற ஆட்கள் யாரும் இருந்தார்களா? நான் சொன்னதில் எது சரி, எது பிழை என்று வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.