மோதிரத்தைக் கழற்ற வைத்த சொல்

மருந்து என்று யாராவது சொன்னால் அப்பா மோதிரத்தைக் கழற்றுவார்.

முதலில் மோதிரம். பிறகு கைக்கடிகாரம். பிறகு அரைஞாண் கயிற்றில் கோத்திருக்கும் பீரோ சாவி. எல்லாவற்றையும் கதவோரத்து எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டு, செருப்பை உதறிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பார். யாரோ சோதனை போட்டு உள்ளே அனுப்பவேண்டும் என்பதுபோல. ஜீவனஹள்ளியில் முதல் மாடி வீடு. எதிரே நிற்பவளோ ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற தர்மபுரிக்கார நர்ஸ் பெண். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர் டம்ளர்.

“அக்கா, தாத்தாவுக்கு என் வளையல் மேலயே கண்ணு. டெய்லி கழட்டு கழட்டுங்கிறாரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்புவாள். “கவரிங்தான் தாத்தா. சேட்டுக் கடைல தொட்டுக்கூடப் பாக்க மாட்டான்.”

“மருந்துகிட்ட உலோகத்தோட வர்றியே, நீ மட்டுமா போவ? கொட்டகையே போயிடும்.”

வளையலைக் கழற்றினாலும் தீராது. “சரி, கழட்டிட்டேன். இப்ப வாயைத் திறங்க” என்பாள். அப்பா என்னைப் பார்ப்பார். “பாப்பா, மருந்தை வாயில போடச் சொல்றா. யாரு இவளை வேலைக்கு எடுத்தது?”

அப்பா நாற்பது வருடம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே யாரும் வெடிமருந்து என்று முழுதாகச் சொல்வதில்லை. மருந்து, அவ்வளவுதான். மருந்து காய்கிறது, மருந்து அரைபடுகிறது, மருந்துக்கு இன்று ஈரம் போதாது. அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு மருந்து ஃபேக்டரியில் வேலை என்று தரகர் சொல்ல, இனிமேல் டானிக் வாங்கவேண்டியதில்லை என்று அம்மா வீட்டார் மகிழ்ந்தார்களாம். உண்மை தெரிவதற்குள் தாலி ஏறிவிட்டது. இதைச் சொல்லி அம்மா சாகும்வரை சிரித்தாள். அப்பா ஒருமுறையும் சிரித்ததில்லை. அவருடைய அப்பா அதே தொழிற்சாலையின் கலவைக் கொட்டகையில் மருந்தோடு போனவர். அப்போது அப்பாவுக்கு நாலு வயது. நினைவில் முகம் இல்லை. எரிந்த முகத்தை யாரும் அவருக்குக் காட்டவும் இல்லை.

அந்தத் தொழிற்சாலையைக் கட்டிய வெள்ளைக்காரத் துரையின் வாழ்க்கை வரலாறு மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது தற்செயல். ஒரு பதிப்பகம் தந்த வேலை. பகலில் வைட்ஃபீல்டில் மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவள் நான். போகிற மெட்ரோவிலும் வருகிற மெட்ரோவிலும் மடிமேல் துரையை வைத்துக்கொண்டு தமிழாக்கினேன். ராணுவப் பொறியாளர். பாலம் கட்ட வந்தவரைப் படைக்கலம் செய்யச் சொன்னார்கள். மலைமலையாக அலைந்து, பனி விலகாத ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தார். ஈரக்காற்றில் மருந்து அடங்கிக் கிடக்கும். ஓடைகளைத் திருப்பினார். ஒரு கொட்டகை வெடித்தால் அடுத்தது பிழைக்க, நடுவே மண்மேடுகளை எழுப்பினார். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று ஆணிக்கும் இரும்பு கூடாது, செம்புதான். தம் சட்டைக்கும் எலும்புப் பொத்தான்தான் தைத்துக்கொண்டார். வாசலில் ஒரு தட்டு வைத்து, முதல் நாள் முதல் ஆளாகத் தம் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அதில் போட்டவரும் அவரே.

ரயில் பாதாளத்திலிருந்து வெளிச்சத்துக்கு ஏறிய கணத்தில் அந்த வரியைப் படித்தேன். எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்துப் பெண், “இறங்கணுமா?” என்றாள். இல்லை, எங்கே இறங்குவது? எங்கள் கூடத்தின் எவர்சில்வர் தட்டு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கொடி இறங்கியது, துரைமார் கப்பலேறினார்கள், அந்த மருந்து எந்தெந்தக் கடலுக்கு அப்பால் யார் யார் நெஞ்சைத் துளைத்ததோ, அந்தக் கணக்கெல்லாம் மண்ணாயிற்று. அந்த ஒரு கட்டளை மட்டும் என் அப்பாவின் விரலில் இன்னும் வேலை பார்க்கிறது.

என்ன புத்தகம் என்று அப்பாவுக்கு நல்ல தெளிவிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்.

“அதுல எங்கப்பா இருக்காரா?”

“இன்னும் அந்த இடம் வரலைப்பா.”

பொய். அந்த இடத்தைத் தாண்டி இருபது பக்கம் போயிருந்தேன். கலவைக் கொட்டகை ஒன்று அழிந்ததாகவும், உள்ளூர் ஆட்கள் சிலர் மாண்டதாகவும், மண்மேடு காத்ததால் அடுத்த கொட்டகையின் இயந்திரம் பிழைத்ததாகவும் ஒரே வாக்கியம். அடுத்த பத்தியில் துரை ரோஜா நட்டுக்கொண்டிருந்தார். புத்தகம் முழுக்க அவருக்குப் பட்டம், ஆயுதத் தொழிலின் தந்தை. வேறு யாருக்கும் அதில் தந்தை கிடையாது.

பிறகு அவர் தினமும் கேட்டார். “வந்துச்சா?” “வரலை.” பொருத்தமான ஒரு நாள் வரட்டும், அப்போது சொல்லலாம் என்று தள்ளினேன். சிலர் என்ற சொல்லை எப்படி அவர் கையில் கொடுப்பது?

இதற்கு நடுவில் மாத்திரைப் போராட்டம். ஃபிட்ஸுக்கான மாத்திரை. இரண்டு நாள் விட்டாலே இழுக்கும், இந்த வயதில் ஒவ்வொரு இழுப்பும் மூளையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராகிக் கஞ்சியில் பொடித்துக் கலந்தேன். நாக்கில் நெருடியதும் துப்பினார். “சலிக்காத மருந்து” என்றார். மூன்றாம் நாள் குளியலறை வாசலில் இழுத்தது.

அந்த வாரம் நர்ஸ் பெண் லீவு. பதிலுக்கு வந்த கன்னடக்கார அம்மாள் வளையலும் கடிகாரமுமாக நேரே போய், “தாத்தா, மாத்ரெ தகொளி” என்றாள். அப்பா வாயைத் திறந்தார். விழுங்கினார். “நீரு” என்று தண்ணீர்கூடக் கேட்டார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். மோதிரம் விரலிலேயே இருந்தது. இத்தனை மாதச் சண்டை மாத்திரையோடு அல்ல, ஒரு சொல்லோடு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மருந்து என்ற சொல் இல்லை. நர்ஸ் பெண்ணுக்கும் கட்டளையிட்டேன். அவள் சிரித்தாள். “மாத்ரெ, மாத்ரெ. தாத்தாவை கன்னடிகாவாவே ஆக்கிட்டீங்கக்கா.” மெடிக்கல் ஷாப்பை மெடிக்கல் என்றோம். இருமலுக்கு சிரப். பதிப்பாசிரியர் போனில், “மருந்துச் சாலைன்னு எழுதியிருக்கீங்களே, படிக்கறவங்க ஆஸ்பத்திரின்னு நினைப்பாங்க, எல்லா இடத்துலயும் மருந்துக்கு முன்னாடி வெடியைச் சேர்த்துடுங்க” என்றபோதும் சரி என்றேன். இழுப்பு நின்றது. அப்பாவின் முகம் தேறியது. தட்டில் இப்போது கரண்ட் பில்லும் காய்ந்த கறிவேப்பிலையும் கிடந்தன.

“வந்துச்சா?” என்று அவர் கேட்பது எந்த வாரத்தில் நின்றது? தெரியவில்லை. நின்றது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆடிச் சாரல் விழுந்த ஒரு காலையில் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். துரை தம் ஊருக்குத் திரும்பிக் கிழவராகிறார். இடது காது கேட்காது. கடைசிக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கணப்பு மூட்ட விடவில்லையாம். யாராவது நெருப்புக்குச்சி எடுத்தால் கத்துவாராம். கம்பளிக்குள் நடுங்கியே போய்ச் சேர்ந்தார். கட்டியவருக்கும் வேலை பார்த்தவருக்கும் கடைசியில் ஒரே பயம். துரைக்காகவும் கொஞ்சம் அழுதேன். அழலாமா என்று யாரைக் கேட்பது?

எழுந்து கூடத்துக்கு வந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது. அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்லி, அந்தச் சிலரில் ஒருத்தர் உங்கப்பா என்று சொல்லிவிடுவது. அவர் அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பி வரவேண்டுமானால் மருந்து என்ற சொல்தான் வாசல். தட்டைக் காலிசெய்து துடைத்து, கதவோரம் வைத்தேன்.

“அப்பா, மருந்து.”

அவர் வாயைத் திறந்தார்.

மோதிரம் விரலில் இருந்தது. கடிகாரம் இருந்தது. “மருந்துப்பா” என்றேன், இன்னும் உரக்க. திறந்த வாய் குழந்தைபோலக் காத்திருந்தது. அந்தச் சொல்லை நான்தான் வீட்டைவிட்டு வெளியேற்றினேன். அது போகும்போது மண்மேட்டையும் பனியையும் நாலு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. இழுப்பு அள்ளிப்போனது பாதி. மீதியை அள்ளிக் கொடுத்தது நான்.

மாத்திரையை நாக்கில் வைத்தேன். விழுங்கினார். பிறகும் சொன்னேன். “உங்கப்பா புத்தகத்துல இருக்காருப்பா.”

என்னை மரியாதையோடு பார்த்தார். “நீங்க எந்த ஷிஃப்ட்டுங்க?”

நீ என்று அழைத்த வாய். பாப்பா என்ற வாய்.

“காலை ஷிஃப்ட்டுங்க” என்றேன்.

“பாத்துப் போங்க” என்றார்.

வாசலில் சாரல். என் வளையல்கள் இரண்டையும் கழற்றித் தட்டில் வைத்தேன். கைக்கடிகாரத்தை வைத்தேன். செருப்பை விட்டேன். மேஜைக்குப் போய்க் கையெழுத்துப் பிரதியை முதல் பக்கத்திலிருந்து திருப்பி, மருந்துக்கு முன்னால் சேர்த்துவைத்த வெடிகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் அடிக்க ஆரம்பித்தேன்.