கிணற்றடி மெழுகுவத்தி

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தப் பழைய ஹோட்டலில் பேய் இருக்கிறதாம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். பொத்தேரியில் ரூம் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் சனிக்கிழமையானால் பேய் பார்க்கக் கிளம்பி வருகிறார்கள். கிணற்றடியில் முதலாளி ஒரு பலகை வைத்திருக்கிறான்: 'காதலில் தோற்ற சமையல்காரி குதித்த கிணறு.'

அந்தச் சமையல்காரி என் பெரியம்மா. அவள் யாரையும் காதலிக்கவும் இல்லை, குதிக்கவும் இல்லை. மழைநாளில் தண்ணீர் சேந்தப் போய் வழுக்கி விழுந்தாள். கிணற்றின் சுற்றுச்சுவர் இடிந்து கிடந்தது. கட்டச் சொல்லி இப்போதைய முதலாளியின் தாத்தாவிடம் அவளே எத்தனையோ முறை கேட்டாள். அந்த ஆள் ரோஜாச் செடி வாங்கித் தோட்டம் போட்டான்.

அதே ஹோட்டலில் ரூம் பெருக்கிய என் அம்மா, வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று வேலை முடிந்ததும் அந்தக் கிணற்றடியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள். கல்லறையில் ஒன்று, செத்த இடத்தில் ஒன்று. பொழுது சாய்கிற நேரம். தங்கியிருந்தவர்கள் ஜன்னல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பேய் என்றார்கள். தாத்தாக்காரனுக்குக் கொண்டாட்டம். இடிந்த சுவரைவிடப் பேய் அவனுக்கு வசதி. 'குதித்தாள்' என்று சேர்த்துவிட்டவனும் அவன்தான். தற்கொலை செய்தவளைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருக்கவே கூடாது என்று மாதா கோயிலில் நாலு பேர் அம்மாவின் காதுபடப் பேசினார்கள். வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு ஜெபமும் செய்தார்கள்.

வேலையை விட்ட பிறகு அம்மா கல்லறையோடு நிறுத்திக்கொண்டாள். இப்போது எண்பது தாண்டிவிட்டது. பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. போன கல்லறைத் திருநாளன்று காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன்.

"பலகைய எடு தம்பி. அது எங்க பெரிம்மா," என்றேன், இப்போதைய முதலாளியான அந்தப் பேரனிடம்.

"ஃபேமிலியா? சூப்பர் சார்! சாயங்காலம் வாங்களேன், கெஸ்ட்டுங்க நிறைய இருப்பாங்க. அம்மா ஒரு கேண்டில் ஏத்துனா செம ஃபீலா இருக்கும்."

"வழுக்கி வுழுந்தவங்கன்னு சொல்றேன்."

"அது கொஞ்சம் டல்லா இருக்கு சார்."

தாத்தா பயந்துபோய்ப் பொய் சொன்னான். இந்த நாய்க்குப் பயம்கூட இல்லை.

அதற்குள் அம்மா கிணற்றடிக்குப் போய்விட்டாள். புதுச் சுவர், சுற்றிலும் கலர் விளக்கு. பிள்ளைகள் சாய்ந்து செல்ஃபி எடுப்பதற்காகக் கட்டியது. அம்மா அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"இடுப்பு ஒசரத்துக்குக் கட்டிகீறானுங்கடா," என்றாள்.

மெழுகுவத்தியை ஏற்றி அந்தச் சுவர்மேல் வைத்தாள். நான் பலகையைப் பிடுங்கினேன்.

"சார், அது ஹோட்டல் ப்ராப்பர்ட்டி!"

"போலீஸக் கூப்புடு. செவுரு இடிஞ்சி கெடந்ததையும், நீ எப்ப கட்டுனன்னும் அவங்களாண்ட சொல்லு."

அவன் கூப்பிடவில்லை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மாவோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

இப்போது புதுப் பலகை வைத்திருக்கிறானாம். அதையும் பிடுங்குவேன்.