மேஸ்திரியின் பெஞ்சு

பூசணிப் பூவின் இதழ் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, மெல்ல வெளிப்பக்கமாக இழுத்து, நுனியை ஒரு சுண்டு சுண்டுகிறார் எர்மீனியோ. இதழ் கிழிந்துவிடுகிறது. அதை அப்படியே தட்டில் போட்டுவிட்டு அடுத்த பூவை எடுக்கிறார். கால்வாய் ஓரத்தில் கட்டியிருக்கும் காய்கறிப் படகுக்குள்ளிருந்து புரூனா பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

“வாங்க வந்தீங்களா மேஸ்திரி, இல்ல வைத்தியம் பாக்க வந்தீங்களா?”

“எந்தப் பக்கம் சுருளுதுன்னு பாத்தேன்.”

“எண்ணெய்ல போட்டா எல்லாப் பக்கமும் சுருளும். கிழிச்சதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே அத யார் வாங்குவா?”

ஆகவே கோடைக்காலம் முழுவதும் அவர் வீட்டில் பூசணிப் பூ வறுவல்தான். அவர் மனைவி நீவெஸ் அதை மாவில் தோய்த்துப் போடுகிறாள், முட்டையில் தோய்த்துப் போடுகிறாள், நெத்திலி வைத்தும் பொரித்துப் பார்த்துவிட்டாள். இப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன முரானோத் தீவில் கண்ணாடியில் இலை, பூ, கொடி என்றால் எர்மீனியோதான். ஊர் ஊராக மாளிகைகளில் தொங்கும் சரவிளக்குகளைச் சுற்றிப் படர்ந்திருக்கும் இலைகளில் பாதி அவர் கையால் வந்தவை. ஆள் குள்ளம். ஐம்பத்தெட்டு வயது. முன்கைகளில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது, உலை எப்போதோ பொசுக்கிவிட்டது. பட்டறையில் குதிகால் இல்லாத பழைய செருப்புத்தான் போடுவார். உருகிய துணுக்கு செருப்புக்குள் விழுந்துவிட்டால் ஓர் உதறலில் கழற்றி எறிய வேண்டுமே.

அவர் விரல்கள் சும்மா இருப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் ரொட்டியின் நடுப்பகுதியைக் கிள்ளிப் பிசைந்து, கத்தி முனையால் நரம்பு கீறி, இலை செய்து வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையின்போது மெழுகுவர்த்தியில் வழிகிற மெழுகு அவர் கைக்குப் போகும். பிரசங்கம் நீண்டால் இலைக்குக் காம்பும் வந்துவிடும். பாதிரியார் பார்த்தும் பாராதது போல இருந்துவிடுவார்.

“இந்த வீட்ல ரொட்டி பூசணம் பூக்காது. இலைதான் விடும்” என்பாள் நீவெஸ்.

“ஆறுறதுக்குள்ள!” என்பது எர்மீனியோவின் வாயில் எப்போதும் கிடக்கிற சொல். உலையிலிருந்து வந்த கண்ணாடியைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார், காப்பிக் கடையில் கோப்பையை வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பவனைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார். தெரிந்தவர் மகளுக்குக் கல்யாணம் தள்ளிப் போனபோது பெண்ணின் தகப்பனிடமே அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருவார்கள். பெஞ்சின் இரண்டு பக்கமும் நீண்ட கைகள் உண்டு. அவற்றின்மேல் கம்பியைக் குறுக்கே கிடத்தி, இடது உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே, வலது கை இடுக்கியால் கம்பி நுனியில் ஒளிர்கிற கண்ணாடியை இழுப்பார். வரிவரியாகப் பல் வைத்த இடுக்கியால் ஓர் அமுக்கு, நரம்பு விழும். நுனியைப் பிடித்து ஒரு முறுக்கு, இலை திரும்பிப் பார்க்கும். பூ என்றால் ஒவ்வோர் இதழுக்கும் புதிதாகக் கண்ணாடி வேண்டும். அந்த நேரத்தில் இன்னொருவர் உலையிலிருந்து வேறொரு கம்பியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்து, சரியான இடத்தில் சொட்டவிடுவார். எர்மீனியோ கத்தரியால் வெட்டி வாங்கிக்கொள்வார். அந்த இன்னொருவர் பெயர் டீனோ. நீவெஸின் தம்பி, எர்மீனியோவின் மச்சினர், முப்பது வருடத்துக்கும் மேலாக அவருடைய வலது கை.

இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சே இருக்காது. எர்மீனியோ இடுக்கியை ஒரு முறை தட்டினால் கம்பி தாழும், இரண்டு முறை தட்டினால் உயரும். பல நேரம் அதுவும் தேவைப்படாது. அவர் நினைக்கும்போதே டீனோ வந்து நிற்பார். “என்ன ஒற்றுமை பாருங்கள்!” என்று வெளியூர்க்காரர்கள் மெய்மறந்து கை தட்டுவார்கள். சூளைக் கதவைப் பார்த்துக்கொள்ளும் பெப்பி, அப்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அவர்கள் பேசி நான்கைந்து வருடம் ஆகிறது என்பது தீவில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு சண்டையை இவ்வளவு நாள் இழுத்திருக்க முடியாது. கண்ணாடிப் பட்டறையில் முடியும். வேலைக்குப் பேச்சு தேவையில்லை என்பதால் இரண்டு பேரும் சௌகரியமாக ஊமையாகிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ஒரு குளிர்காலத்தில் எர்மீனியோ காய்ச்சலில் படுத்துவிட்டார். அவசரமாக முடிக்க வேண்டிய விளக்கு ஒன்று இருந்தது. பட்டறை முதலாளி டீனோவைக் கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னார். மேஸ்திரியின் பெஞ்சில் வேறு யாரும் உட்காரும் வழக்கம் முரானோவில் கிடையாது. கூட்டிப் பெருக்குகிறவன்கூட இடுப்பு வலித்தால் தரையில்தான் உட்காருவான். டீனோ தயங்கினார். பிறகு உட்கார்ந்தார்.

மாதுளம்பூ ஒன்று செய்தார். எர்மீனியோவும் மாதுளம்பூ செய்வார். ஆனால் அவருடைய இதழ்கள் இஸ்திரி போட்டது போல இருக்கும். நிஜ மாதுளம்பூவுக்கு அந்தக் கசங்கல்தான் அழகு. மொட்டுக்குள் இத்தனை நாள் மடங்கிக் கிடந்த இதழாயிற்றே. டீனோ இதழைச் சற்று ஆறவிட்டு, இறுகத் தொடங்குகிற நேரம் பார்த்து, ஓரத்தை மட்டும் சூடு காட்டிக் கிள்ளினார். கசங்கல் வந்துவிட்டது. எர்மீனியோ ஒருநாளும் எதையும் ஆறவிட மாட்டார் என்பதால், அவருக்கு அது கைக்கு வந்ததே இல்லை.

சரியாகப் பூ முடிந்த நேரத்தில், கழுத்தில் கம்பளித் துண்டோடு, உள்ளே வந்து நின்றார் எர்மீனியோ. பெப்பி சூளைக் கதவைத் திறந்து வைத்திருந்தான். செய்து முடித்த எதுவும் அந்தச் சூளைக்குள் போய், பொழுது விடிய விடிய மெல்ல ஆற வேண்டும். வெளிக் காற்றில் வைத்தால் வெடித்துவிடும். எர்மீனியோ கை நீட்டினார். டீனோ கம்பியைக் கொடுத்தார், எவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்தார் என்று பெப்பி இன்றும் சொல்வான். எர்மீனியோ பூவை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். சூளைப் பக்கம் போகவில்லை. பக்கத்தில் இருந்த இரும்பு மேசைமேல் அதை வைத்து, கம்பியைத் தட்டிக் கழற்றினார்.

கொஞ்ச நேரத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பூ மூன்றாகப் பிளந்தது.

டீனோ தாம் தூம் என்று குதிக்கவில்லை. துண்டுகளைக் கழிவு வாளியில் போட்டார், தரையைக் கூட்டினார், மறுநாள் காலையில் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். பேச்சுத்தான் வரவில்லை.

“கை தவறிடுச்சு” என்றார் எர்மீனியோ, அன்று வீட்டில்.

“கை தவறினா தரையில விழும்” என்றாள் நீவெஸ். “மேசை மேல போய் பதமா உக்காராது.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் டீனோ அக்காள் வீட்டில்தான் சாப்பிடுவார். அவருக்குக் குடும்பம் கிடையாது. மூன்று பேரும் ஒரே மேசை. “உன் மச்சானுக்கு உப்பு வேணுமாம்” என்றும், “டீனோவுக்குக் கணவாய் மீன் இன்னும் கொஞ்சம் வேணுமாம்” என்றும் இரண்டு பக்கமும் நீவெஸ்தான் வாய். ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று உப்பில்லாமலேயே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

எர்மீனியோ கெட்டவர் இல்லை. தன்னைவிட மச்சினனுக்குக் கை நன்றாக வந்துவிட்டதைப் பார்த்த அந்த ஒரு கணம் அவருக்கு வயிறு எரிந்தது. அது உண்மை. அதற்குப் பிறகு எரிந்ததெல்லாம் வெட்கத்தில். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்து, மென்று விழுங்கியிருக்கிறார். மாதுளம்பூ கேட்டு வருகிற வேலையை மட்டும் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்துவிடுவார்.

இந்த ஜூலை வெயிலில்தான் நீவெஸ் அந்தச் செய்தியைச் சொன்னாள். மத்தி மீனின் தலையைக் கிள்ளிக்கொண்டே, ஏதோ விலைவாசி பேசுவது போலச் சொன்னாள்.

“டீனோ அக்கரைப் பட்டறைக்குப் போறான். பெஞ்சு குடுக்குறாங்களாம். லீவு முடிஞ்சதும் அங்கதான்.”

எர்மீனியோவின் கையில் இருந்த ரொட்டி உருண்டை இலையாகாமல் நின்றது. “மேஸ்திரியாவா?”

“பின்ன, கூட்டிப் பெருக்கவா?”

“போகட்டும். நல்லதுதானே.”

“போகத்தான் போறான். நான் அதப் பத்தி அழல. முப்பது வருஷம் உன் முகத்தப் பாத்துக்கிட்டே நின்னவன். ஒரு வார்த்தை இல்லாம போகப் போறான் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.” மீன் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் குழாயடிக்கு ஓடினாள்.

அதன் பிறகு எர்மீனியோ படாத பாடு பட்டார். ஒரு சாயங்காலம் நல்ல ஒயின் ஒன்று வாங்கிக்கொண்டு டீனோவின் வீட்டு வாசல் வரை போனார். கதவைத் தட்டாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் படகு மோட்டாரைப் பற்றி வெகு நேரம் விசாரித்துவிட்டு, பாட்டிலையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனிதர் இன்னும் எதற்கு ஒயின் என்று தெரியாமல் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். “என்ன முணுமுணுக்குற?” என்று நீவெஸ் கேட்டதும், பல் வலி என்றார்.

ஆகஸ்டில் உலைகள் எல்லாம் அணைந்துவிடும். அதற்கு முந்தைய கடைசி வேலை நாளில், உலைப் பானையின் அடியில் மீந்திருக்கும் கண்ணாடி பட்டறைக்காரர்களுக்குச் சொந்தம். அவரவருக்கு இஷ்டமானதைச் செய்துகொள்ளலாம். பெப்பி வருடா வருடம் ஒரு வாத்து செய்வான். அதன் கழுத்து வருடா வருடம் கோணிப்போகும். அன்றும் அப்படித்தான் கோணியது. சிரித்து முடித்ததும் எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். நீவெஸுக்கு ஓர் இலை செய்வது அவர் வழக்கம். டீனோ கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் உட்காரக் காத்து நின்றார்.

எர்மீனியோ உட்காரவில்லை. டீனோவின் கையிலிருந்து கம்பியை வாங்கிக்கொண்டு, தானே உலைவாய்க்குப் போனார். மேஸ்திரி ஆன நாளிலிருந்து அவர் தொடாத வேலை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பானைக்குள் கம்பியை விட்டுச் சுற்றி எடுத்தார். காலியான பெஞ்சின் முன்னால் வந்து, உதவியாள் நிற்கிற இடத்தில் நின்றார். கண்ணாடி தொங்கிவிடாமல் கம்பியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“டீனோ” என்றார். “உக்காரு. அந்த மாதுளம்பூ. நீ எப்படிப் பண்ணேன்னு நான் பாக்கல.”

டீனோ பெஞ்சைப் பார்த்தார்.

“அன்னிக்கு எனக்குக் கை தவறல. தெரிஞ்சேதான் வெச்சேன். பொறாமை.” கம்பி நுனியில் கண்ணாடி ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. “அக்கரைக்குப் போ. மகராசனாப் போ. ஆனா இங்க ஒரு தடவ உக்காந்துட்டுப் போ.”

பெப்பி தன் வாத்தைக் கீழே வைத்தான். டீனோ கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டார், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. பிறகு பெஞ்சைச் சுற்றி வந்து உட்கார்ந்தார். இடுக்கியை எடுத்தார். நீட்டிய கம்பியின் நுனியை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“ரொம்ப ஜாஸ்தி மச்சான்” என்றார். “இது பூசணிக்காய்க்குத்தான் ஆகும். இதுல பாதி எடுத்துட்டு வா.”

எர்மீனியோ சரியென்று தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழிவு வாளியில் தட்டிவிட்டு, உதவியாட்கள் போகிற வேகத்தில், ஓட்டமும் நடையுமாக உலைக்குத் திரும்பிப் போனார்.