ஓடிபி வாங்க மலை இறங்கினோம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது எங்கள் பள்ளியில் என் தலையில் விழுந்த வேலை. கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரிந்த பாவத்துக்கு வந்து சேர்ந்தது. மேல்மலையில், மன்னவனூருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே நெட் வரும் நாளில் கரண்ட் இருக்காது. இரண்டும் இருக்கும் நாளில் விண்ணப்பம் போடும் வலைத்தளம் படுத்துக்கொள்ளும்.

அந்த வருடம் மறுநாள் கடைசி நாள் என்ற நிலையில் ஒருத்தியின் விண்ணப்பம் மட்டும் முடியவில்லை. திண்டுக்கல்லில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்த பெண். அவளுடைய அப்பா பூண்டு விவசாயி. “உதவிப் பணம் வந்தா காலேஜு, இல்லாட்டி பூண்டுக் காடு” என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அவள் தினமும் வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நிற்பாள். அவள் நிற்பதைப் பார்த்தாலே எனக்கு ஊரில் இருக்கிற எல்லார்மேலும் கோபம் வரும்.

சிக்கல் ஓடிபியில் இருந்தது. ஆதாரில் பதிந்த போனுக்கு அது வரும், அதைப் போட்டால்தான் விண்ணப்பம் நகரும். அவள் ஆதாரில் இருந்ததோ எங்கள் ஊர் லாரி டிரைவர் ஒருவரின் நம்பர். அவள் மட்டுமா? ஆதார் எடுக்க ஆட்கள் வந்த காலத்தில் ஊரில் டவரே கிடையாது. கேரட், பூண்டு மூட்டைகளோடு தினமும் மலை இறங்குகிறவர் அவர்தான் என்று பாதித் தெரு அவர் நம்பரைக் கொடுத்துவிட்டது. யார் வீட்டுக்கு சிலிண்டர் வருகிறது, யாருக்குப் பிரசவ உதவி வந்திருக்கிறது என்பதெல்லாம் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

மார்க்கெட்டில் இருந்தவரைப் போனில் பிடித்தேன்.

“வந்திருக்கு டீச்சர். ஆனா சொல்ல மாட்டேன்.”

“ஏங்க?”

“போன்ல ஓடிபி கேட்டு ஒருத்தன் எங்க தெருக்காரரு பணத்தை உருவிட்டான். சொன்னது நாந்தான். பழனி மலையேறி முருகன் முன்னாடி சத்தியம் பண்ணிட்டேன். இனி யாருக்கு வந்த ஓடிபியோ அவுக மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லுவேன்.”

“நான் டீச்சர் பேசுறேங்க!”

“அவனும் மேனேஜர் பேசுறேன்னுதான் சொன்னான்.”

பத்து நிமிடத்தில் அந்த எண் செத்துவிடும். அவர் ஊருக்கு வந்து சொல்லலாம் என்றால், ஊருக்குள் அவர் போனுக்கு இன்றைக்கும் டவர் எடுக்காது. கடைசியில் அவரே வழி சொன்னார். “நாளைக்கு வெள்ளனே லோடு ஏத்துறேன். பிள்ளையோட வண்டியில ஏறிருங்க.”

மறுநாள் மடியில் லேப்டாப்போடு லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அந்தப் பெண். அவள் அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. “பொம்பளப் பிள்ளை போகுதுல்ல” என்று மேலே கேரட் மூட்டைகள்மீது ஏறிக்கொண்டார்.

ஒரு வளைவில் என் போனிலும் டிரைவர் போனிலும் ஒன்றாக டவர் வந்தது. “நிப்பாட்டுங்க!” என்று கத்தினேன். நட்டநடு வளைவில் நிறுத்தினார். பின்னால் சுற்றுலா வேன்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஒரு வேனிலிருந்து இறங்கியவர்கள், பார்க்க வேண்டிய இடம் ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து எங்கள் லாரியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

என் போன் நெட்டில் லேப்டாப்பைத் திறந்து விண்ணப்பத்தைத் தட்டியதும் ஓடிபி வந்தது. டிரைவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். வாயைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

“டீச்சர், நீங்க காதைப் பொத்திக்கங்க.”

பொத்திக்கொண்டேன். எம்.காம்., பி.எட். படித்த நான், எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணையும் மூடிக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல அவளே தட்டினாள். திரை சுற்றோ சுற்றென்று சுற்றி, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகப் பச்சை எழுத்தில் காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா மூட்டையிலிருந்து இறங்கி வந்தார். “பணம் வந்துருமா டீச்சர்?”

“மார்க்கு, சான்றிதழ் எல்லாம் சரியா இருக்கு. வந்துரும்ங்க.”

அவர் முகம் விழுந்துவிட்டது. பணம் வரவே வராது என்ற தைரியத்தில்தான் மனுஷன் இத்தனை நாள் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அப்ப நெசமாவே போயிருவியாத்தா?”

“போவேன்ப்பா.”

வேன்காரர்கள் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். அவர் அதைக் காதில் வாங்காமல் சுற்றிப் போய் டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ஏப்பா, திண்டுக்கல்லுக்கு நீ எப்பெப்ப லோடு அடிக்கிற?”