கரி விளக்கு

அண்ணனுடைய காரில், ஸ்பீடாமீட்டருக்குக் கீழே கண்ணாடிமேல், அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. நடுவில் வெளுத்து, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கார் துடைக்க வருகிறவர் போன மாதம் அதைச் சுரண்டப் போனார். வாசலில் நின்ற அண்ணன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்து, எப்பேர்ப்பட்ட பேரக்காரரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன். அந்தப் பொட்டு என் மதினியுடையது.

மதினிக்குக் கண்ட இடத்திலெல்லாம் பொட்டை ஒட்டிவைக்கிற பழக்கம். குளியலறைக் கண்ணாடி, பீரோ, ஃபிரிட்ஜ் கதவு, காஸ் அடுப்புக்கு மேலே உள்ள டைல்ஸ். “நாளைக்கு ஆவும்லா” என்பாள். ஆகாது. மறுநாள் புதுசைத்தான் எடுத்து வைப்பாள். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அவர்கள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டதால், அந்தப் பொட்டுகளைச் சுரண்டித் துடைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் திட்டுவேன், அவள் சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் எங்கள் சண்டைதான் சத்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கடற்கரை ரோட்டில் மாமல்லபுரம் பக்கமாக ஒரு நடை கூட்டிப் போக வேண்டும். ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்பார். தீபாவளி போகட்டும் என்பார். அப்புறம் முகூர்த்த மாதம் வந்துவிடும், சீர்ப் பாத்திரம் வாங்கக் கூட்டம் அலைமோதும். இப்படியே முப்பது வருஷம் ஓடியது. மதினிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகுதான், டயாலிசிஸுக்கு ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போக முடியாது என்று அண்ணன் ஒரு பழைய டீசல் கார் வாங்கினார். அவள் உட்கார்ந்த முதல் சொந்தக் கார் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மேற்கு மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. வண்டி வேறு எங்கும் போனதில்லை, இரண்டாவது கியரைத் தாண்டியதும் அபூர்வம். சில மாதத்தில் ஸ்பீடாமீட்டருக்குக் கீழே மஞ்சளாக ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு பெட்டிக்குள் புள்ளி புள்ளியாகப் படம். சாவியை எடுத்த பிறகும் முன்பக்கம் ஃபேன் மட்டும் ஹோவென்று ஓடிக்கொண்டிருக்கும், தீய்ந்த வாடை வேறு. அண்ணன் டீசலில் கலப்படம் என்றார். நான் எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றேன். மதினி கண் திருஷ்டி என்று சொல்லி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். பழம் நசுங்கியது, விளக்கு அணையவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தேனாம்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினோம். அவர் சிரித்துவிட்டார். “இன்னாண்ணா, வண்டிக்கு ஒரு நோவும் இல்ல. பொகைல வர்ற கரியப் புடிச்சி வெக்கிற டப்பா ஒண்ணு கீது. நீ டிராஃபிக்லயே உருட்டிக்கினு இருந்தா அது சூடேறாது, ரொம்பிடும். மாமல்லபுரம் போற ஈ.சி.ஆர். பக்கம் போய் நிக்காம அரை மணி நேரம் ஓட்டு. கரி தானா எரிஞ்சிடும், லைட்டும் பூடும்” என்றார். “வேற வழியே இல்லியா?” என்று கேட்டார் அண்ணன். முன் சீட்டில் இருந்த மதினி திரும்பி என்னைப் பார்த்தாள். டயாலிசிஸ் முடிந்து வெளிறிப்போன அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அடுத்த ஞாயிறு அண்ணன் மத்தியானமே கடையைச் சாத்தினார். திருவான்மியூர் தாண்டி ரோடு காலியானதும் மதினி கண்ணாடியை இறக்கிவிட்டாள். அண்ணனுக்கு ரோட்டிலும் விளக்கிலும்தான் கண். “சத்தம் மாறுதா கேளுங்கட்டி” என்று எங்கள் இருவரையும் அதட்டிக்கொண்டே வந்தார். மாறத்தான் செய்தது. இன்ஜின் சத்தம் கனத்து உறுமியது, கொஞ்ச நேரத்தில் தணிந்தது. விளக்கு அணைந்தது. “அதுக்குள்ள அணைஞ்சிட்டா?” என்றாள் மதினி. நிஜமாகவே முகம் வாடிவிட்டது. திரும்பும் வழியில் எனக்கும் அண்ணனுக்கும் இளநீர். அவளுக்கு அது ஆகாது, தண்ணீருக்கே அளவு. “நீங்க குடிங்க, நான் கண்ணால குடிக்கேன்” என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் காரில் ஏறும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். “ஏங்க, கரி லைட்டு வந்துட்டா?” வண்டிக்குக் கோளாறு வர வேண்டும் என்று ஏங்கிய பொம்பளை உலகத்தில் அவள் ஒருத்திதான். வந்தால் போவோம். வராவிட்டால் அண்ணனாக ஒருநாளும், சும்மா போய்விட்டு வரலாம் என்று சொன்னதில்லை. மண்டையில் நறுக்கென்று ஒன்று வைக்கலாம் போல இருக்கும் எனக்கு.

அடுத்த மழைக்காலத்துக்குள் மதினி மெலிந்துவிட்டாள். ஆஸ்பத்திரி போய் வருவதற்குள்ளேயே இரண்டு தரம் வாந்தி எடுத்தாள், காலைக் குரக்களி பிடித்து இழுத்தது. அந்த நாட்களில் விளக்கும் வரவில்லை. “என்னட்டி, உன் லைட்டக் காணலியே?” என்று அண்ணன் கேட்பார். “வண்டி நல்லா இருக்கு போல” என்று கண்ணை மூடிக்கொள்வாள். அண்ணனுக்கு அது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பொங்கலுக்கு முன்னால் அவள் போய்விட்டாள்.

சாம்பலைச் சாந்தோம் கடலிலேயே கரைத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அண்ணன் கேட்கவில்லை. அந்த ரோட்டில்தான் போக வேண்டும், கோவளத்தில்தான் கரைக்க வேண்டும் என்றார். பொம்பளை வரக்கூடாது என்றவர்களை முறைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். ரோடு காலியாகத்தான் கிடந்தது. வண்டி போகவில்லை. எவ்வளவு மிதித்தாலும் முக்கியது, வேகம் ஏறவே இல்லை. இன்ஜின் படம் போட்ட வேறொரு விளக்கு எரிந்தது. சைக்கிள்காரன்கூட எங்களைத் தாண்டிப் போனான். கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அண்ணன் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வந்தார்.

காரியமெல்லாம் முடிந்து மெக்கானிக் வீட்டுக்கே வந்து பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “இந்த லைட்டு எடுத்த ஒடனே வராதேண்ணா. முன்னாடி அந்தக் கரி லைட்டு எரிஞ்சிருக்கணுமே. நீ பாக்கல?” என்றார். “வரவே இல்லப்பா” என்றார் அண்ணன். மெக்கானிக் குனிந்து, ஸ்பீடாமீட்டருக்குக் கீழே இருந்த பொட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கினார். அடியில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பொட்டை நாங்கள் பார்க்காமல் இல்லை. எங்கும் ஒட்டுகிறவள் அங்கும் ஒட்டியிருக்கிறாள் என்றுதான் நினைத்தோம். அண்ணன் மருந்து வாங்க இறங்கிய ஏதோ ஒரு நேரத்தில் எட்டி ஒட்டியிருப்பாள். விளக்கைப் பார்த்தால் அவர் கூப்பிடுவார், அவளால் உட்கார்ந்து வர முடியாது. முப்பது வருஷமாக ‘இப்ப முடியாது’ என்றே கேட்டுப் பழகியவளுக்கு, அதைத் திருப்பி ஒரே ஒரு தரம் அவரிடம் சொல்ல மனசு வரவில்லை. அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் பொட்டை முழுசாக உரிக்கப் போனபோது, “அத அப்படியே ஒட்டிரு தம்பி” என்று மட்டும் சொன்னார்.

கரி டப்பாவை மாற்றியாயிற்று. இப்போது விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறார். போன ஞாயிறு நானும் போனேன், வழக்கம்போலப் பின் சீட்டில். காலியான முன் சீட்டுப் பக்கம் கண்ணாடி இறக்கியிருந்தது. திருவான்மியூர் தாண்டியதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “அண்ணே, அந்தப் பொட்ட லேசாத் தூக்கிப் பாத்தா தெரிஞ்சிரும்லா, லைட்டு எரியுதா இல்லியான்னு” என்றேன்.

“எரியலன்னா போவக் கூடாதா?” என்று கேட்டார்.

இதை மதினி இருக்கும்போது கேட்டிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அண்ணன் தூக்கியிருந்த பொட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, வண்டியை மிதித்தார்.