எதிர் வரப்பு

மேட்டூரில் அணை வேலை முடிந்து ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். காவிரிக் கரையோடு நடந்து மோகனூர் வந்து சேர்ந்தேன். தை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக வயிற்றில் சரியாக ஒன்றும் விழவில்லை. வயலில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்திடம் வேலை கேட்டேன். எல்லாரும் பெண்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்று ஓர் ஆள் குறைந்திருந்தது. பதினைந்து நாள் அறுப்பு, வேளைக்குக் கஞ்சி, கூலிக்கு நெல். எனக்கு வேறென்ன வேண்டும்?

கூட்டத்தை நடத்திய அம்மாள் அரிவாளை நீட்டினார். நான் இடது கையில் வாங்கினேன்.

“ஏஞ்சாமி, பீச்சாங்கையா?”

“ஆமாங்க.”

“சோறு?”

“அது சோத்துக்கைலதானுங்க. அடிச்சுப் பழக்கிட்டாங்க.”

எழுதவும் அப்படியே பழக்கப் பார்த்தார் வாத்தியார். மூன்றாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதால் அது பாதியில் போயிற்று. இன்றைக்கும் எந்தக் கையால் எழுதினாலும் கோணல்தான்.

யார் முழங்கையும் இடிக்காதபடி வரிசையின் இடது கோடியில் என்னை நிறுத்தினார்கள். பிடிப்பிடியாக அறுத்துப் பக்கத்தில் கிடத்திக்கொண்டே போக வேண்டும். அந்தப் பிடிக்கு அரி என்று பெயர். எல்லா அரியிலும் கதிர் ஒரே பக்கம் இருக்க வேண்டும். பின்னால் வருகிறவள் குனிந்தபடியே வாரிச் சேர்த்துக் கட்டுவாள்; ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது? என் அரி மட்டும் மற்றவர்களுடையதற்கு நேர் எதிராக விழுந்திருக்கிறது. எனக்கும் தெரியவில்லை, கட்டியவளுக்கும் தெரியவில்லை.

களத்தில்தான் தெரிந்தது. அந்த அம்மாளின் வீட்டுக்காரர் ஒரு நெற்கட்டைத் தலைக்கு மேல் ஓங்கிக் கல்லில் அடித்தார். பாதி நெல் கொட்டியது. மீதி நெல் அவர் பிடித்திருந்த பக்கத்தில் இருந்தது. தாளின் அடியிலிருந்த சேறு அவர் மீசையெல்லாம் தெறித்தது.

“அடியே, என்ன கட்டுடி இது? ரெண்டு பக்கட்டும் தலையிருக்குது!”

பெண்கள் சிரித்துச் சிரித்துக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கட்டியவள் மட்டும் சிரிக்கவில்லை.

“என்னைய வையாதீங்க மாமா. அந்தப் பீச்சாங்கை அண்ணனைக் கேளுங்க!”

அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். “தப்பா நெனைக்காதே சாமி. ஒவ்வொரு கட்டா பிரிச்சு அடிக்க ஆளில்லை. கஞ்சியைக் குடிச்சுப்போட்டுக் கெளம்பு.”

குடித்தேன். கிளம்பினேன். அடுத்த வயலில் அவர்கள் இறங்கிவிட்டார்கள். அதன் எதிர் வரப்பின் மேல்தான் எனக்கு வழி. பாதி தூரம் போன பிறகுதான் அரிவாள் இன்னும் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். கூப்பிட்டுக் கொடுத்துவிடலாமென்று வயல் பக்கம் திரும்பினேன். வரிசை என்னைப் பார்த்து அறுத்துக்கொண்டு வந்தது. அவர்கள் அரிவாள் பிடித்த வலது கை கிழக்கே இருந்தது. எதிரே நின்ற என் இடது கை அரிவாளும் கிழக்கேதான் இருந்தது.

கூப்பிடவில்லை. நின்ற இடத்திலேயே இறங்கி அறுக்க ஆரம்பித்தேன்.

“அண்ணோவ்! உன்னைப் போகத்தானே சொன்னாங்க?” என்று கட்டுக்காரி சேற்றை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் என் அரிகளைப் பார்த்தாள். அவர்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பக்கத்துக் கதிர்களும் மேற்கே பார்த்துக் கிடந்தன.

“அத்தே, இங்க வந்து பாருங்க! அக்கட்டால, எதிர் வரப்புல நின்னா இந்த அண்ணனுக்குக் கை சரியாயிருதுங்க!”

அம்மாள் வந்து என் அரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அப்ப அக்கட்டாலயே நில்லு சாமி. அறுப்பு முடியற மட்டும் அதுதான் உன் எடம்.”

அதற்குப் பிறகு எந்த வயலானாலும் ஒரு பக்கம் நான், எதிர்ப் பக்கம் அவர்கள் ஒன்பது பேர். ஒற்றை ஆளாக நான் அறுத்தது சிறு கீற்றுத்தான். ஆனால் அந்தக் கீற்றில் நடுவயலைத் தாண்ட என்னை விடக் கூடாதென்று அவர்களுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. “வாரான், வாரான், விடாதே!” என்று கத்திக்கொண்டு அறுப்பார்கள். கடைசி நாள் நான் தாண்டிவிட்டேன். ஒன்பது பேரும் சேர்ந்து வாய்க்காலுக்குத் தூக்கிப் போய் என்னைத் தண்ணீரில் போட்டார்கள்.